ஓதம் சூழ்ந்த கற்கோட்டை: சேன் மாலோ துறைமுகத்தின் கதை

பிரான்சின் வடமேற்கில், பிரெட்டனிக் கடற்கரையில் இருக்கிறது சேன் மாலோ. அங்கே காலையில் ஈர மணலில் நடந்துபோய்ச் சுற்றிப் பார்த்த ஒரு கோட்டையை ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அது கடலுக்குள் தனித் தீவாக நிற்கும். நடந்துபோன வழி தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். மறுபடி ஆறு மணி நேரம் பொறுத்தால் மணல் வெளியே வரும். நாளுக்கு இரண்டு தடவை இது நடக்கிறது.

இந்த ஓதத்தைப் புரிந்துகொள்ளாமல் சேன் மாலோவைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே கடல் ஏறும் உச்சத்துக்கும் வற்றும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், பெரிய ஓத நாட்களில் 13 மீட்டர் வரை போகும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் ஒன்று. அட்லாண்டிக்கிலிருந்து எழுந்து வரும் ஓத அலை ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்து கிழக்கே போகப் பார்க்கிறது. வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கோத்தாந்தேன் தீபகற்பம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. முட்டிய நீர் திரும்புகிறது, திரும்பும் நீரும் வரும் நீரும் சேர்கின்றன. விரிகுடாவின் தரையோ ஆழம் குறைந்தது. அதனால் நீர் போக இடமில்லாமல் மேலே எழும்புகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இதன் வேகம் இன்னும் கூடும். புயலும் சேர்ந்துகொண்டால் அலை கரைச்சுவரில் மோதிப் பக்கத்து வீடுகளின் கூரை வரை தெறிக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடும்.

சேன் மாலோவின் கோட்டைக்குள் இருக்கும் பழைய நகரம் ஒரு பாறைத் தீவுதான். சில்லோன் என்ற மெல்லிய மணல் திட்டு ஒன்றுதான் அதை நிலத்தோடு இணைத்திருந்தது. முதலில் ஊர் இருந்தது இந்தப் பாறையில் இல்லை. சற்றுத் தெற்கே ஆலெத் என்ற முனையில், ரோமர் காலத்திலிருந்தே ஒரு குடியிருப்பு இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து வந்த துறவி மாலோ அங்கே கிறிஸ்தவத்தைப் பரப்பினார் என்று மரபுக் கதை சொல்கிறது. ஊருக்குப் பெயர் தந்தவர் அவர். பின்னாளில் கொள்ளையர் தாக்குதல் அதிகமாகி, 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயர் ழான் த ஷத்தியோன் தன் ஆயர் பீடத்தையே ஆலெத்திலிருந்து எதிரே இருந்த பாறைக்கு மாற்றினார். சுற்றிலும் கடல், கடலுக்குள் பல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள், வழி தெரியாமல் வரும் எந்தக் கப்பலையும் கிழித்துவிடும் நீரோட்டம். ஒரு மதில் மட்டும் எழுப்பினால் போதும், மிச்சக் காவலைக் கடல் பார்த்துக்கொள்ளும். மதில் எழுந்தது. இன்றும் அதன்மேல் ஏறிக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தூரத்தை இடையில் இறங்காமல் சுற்றி வரலாம்.

கடல் காவலில் ஒரு ஓட்டையும் இருந்தது. நீர் வற்றியதும் துறைமுகமே காய்ந்துவிடும். கப்பல்கள் மதிலுக்கு வெளியே சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இரவில் யார் வேண்டுமானாலும் நடந்துவந்து சரக்கைத் திருடலாம். இதற்கு ஊர் கண்டுபிடித்த வழி நாய்கள். 12ஆம் நூற்றாண்டிலிருந்தே பெரிய மாஸ்டிஃப் வகை நாய்களை ஊர்ச் செலவில் வளர்த்தார்கள். பகலில் கூண்டில் அடைத்துவைத்து, இரவு பத்து மணிக்கு மணி அடித்து மதில் கதவுகளைச் சாத்தியபின் வெளியே மணலில் அவிழ்த்துவிடுவார்கள். விடிகாலையில் காவலர் ஊதும் ஊதுகுழல் கேட்டுத் திரும்பி வரும். மணி அடித்த பிறகு வெளியே மாட்டிக்கொண்டவர் கதை அவ்வளவுதான். 1770இல் ஓர் இளம் கடற்படை அதிகாரி இரவில் ஊருக்குள் வரப் பார்த்து அந்த நாய்களிடம் சிக்கி இறந்தார். அறுநூறு ஆண்டுப் பழக்கம் அதோடு முடிந்தது. மதிலின் மேற்குப் பக்கத்தில், ஒல்லாந்து கொத்தளம் என்று அழைக்கப்படும் இடத்தில் அந்த நாய்களை அடைத்துவைத்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இன்றைக்குத் துறைமுகம் காய்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலைகளின் பலனாக, உள்துறைமுகத்துக்கு மதகுக் கதவுகள் வந்துவிட்டன. கடல் ஏறும்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, வற்றும்போது மூடி நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்கும் ஜெர்சித் தீவுக்கும் போகிற பயணிக் கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

யாருக்கும் அடங்காத ஊர்

தனித் தீவில் இருப்பவர்களுக்குத் தனி மனசு. "நான் பிரெஞ்சுக்காரனும் இல்லை, பிரெட்டன்காரனும் இல்லை, மாலோக்காரன்" என்ற பொருளில் ஒரு வழக்கு இந்த ஊரில் உண்டு. அது வெறும் வாய்ச்சொல் இல்லை என்பதற்குச் சாட்சி ஊர்வாசலில் நிற்கும் கோட்டை மாளிகை. 15ஆம் நூற்றாண்டில் பிரெட்டனிப் பிரபுக்கள் அதைக் கட்டியது வெளி எதிரிக்காக மட்டும் இல்லை, ஊர்க்காரர்களைக் கண்காணிக்கவும்தான். அதன் ஒரு கோபுரத்துக்கு 'கிக்காங்க்ரோன்ய்' என்று பெயர். "யார் முணுமுணுத்தாலும் சரி, இது இப்படித்தான் இருக்கும், என் விருப்பம் இது" என்று பிரெட்டனியின் சீமாட்டி ஆன் சொன்னதாக வழங்கும் வாக்கியத்திலிருந்து வந்த பெயர். முணுமுணுப்பவர்களுக்கு எதிரே முணுமுணுப்பின் பெயரிலேயே ஒரு கோபுரம்.

1590இல் முணுமுணுப்பு வெடித்தது. புராட்டஸ்டன்டான நான்காம் ஹென்றியை அரசனாக ஏற்க மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் மார்ச் மாத இரவு ஒன்றில் சுவரேறிக் கோட்டை மாளிகையைப் பிடித்தார்கள். ஆளுநர் கொல்லப்பட்டார். அடுத்த நான்கு வருஷம் சேன் மாலோ தன்னைத்தானே ஆண்டது. ஹென்றி கத்தோலிக்கராக மாறிய பிறகு, 1594இல் பேரம் பேசிச் சலுகைகளை வாங்கிக்கொண்டுதான் திரும்பவும் பிரான்சோடு சேர்ந்தது. இன்றைக்கு அதே மாளிகையில் ஊரின் நகராட்சி இயங்குகிறது. ஊரை மிரட்டக் கட்டிய கட்டடத்தில் ஊர் தானே உட்கார்ந்து தன்னை நிர்வகித்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கப்பல் போன திசைகள்

பாறையில் பயிர் விளையாது. அதனால் ஊர் கடலுக்குப் போனது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிக்க வருஷா வருஷம் கப்பல்கள் போயின. குளிர்காலம் முடியும் நேரத்தில் கிளம்பினால் இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார்கள். மீனைப் பிளந்து உப்பிட்டுக் கொண்டுவந்து பிரான்சின் தென்பகுதியிலும் ஸ்பெயினிலும் விற்றார்கள். பல நூற்றாண்டுகள் ஊரின் சாதாரணக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மீன்தான். அரசர் அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்த கோர்சேர்களின் சாகசக் கதைகளுக்கு நடுவே இது எளிதில் மறந்துபோகிறது.

அதே வடமேற்குத் திசையில் 1534 ஏப்ரல் 20 அன்று இரண்டு கப்பல்களோடு கிளம்பினார் ஊர்க்காரர் ழாக் கார்த்தியே. ஆசியாவுக்கு வழி தேடிப் போனவர் கனடாவின் சேன் லாரன்ஸ் வளைகுடாவை அடைந்தார். அடுத்த வருஷம் மறுபடி போய் அந்த ஆற்றின் வழியே இன்றைய கியூபெக், மாண்ட்ரியல் இருக்கும் இடங்கள் வரை உள்ளே சென்றார். பின்னொரு பயணத்தில் அவர் கொண்டுவந்த வைரங்கள் சாதாரணப் படிகக் கற்களாகப் போயின. சேன் வேன்சான் பேராலயத்துக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. இரண்டாவது பயணத்துக்கு முன் 1535 மே மாதம் அவர் மண்டியிட்டு ஆசி பெற்ற இடத்தைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

தென் அட்லாண்டிக்கிலும் இந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1764இல் பிரெஞ்சுக் கடலோடி பூகேன்வில் தலைமையில் சேன் மாலோவிலிருந்து போனவர்கள் அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் குடியேறினார்கள். 'மாலுவீன்' தீவுகள் என்று பிரெஞ்சில் பெயர் வந்தது. ஸ்பானிய மொழியில் அது 'மால்வினாஸ்' ஆனது. ஆங்கிலேயருக்கு அது ஃபாக்லாந்து. 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் சண்டை போட்டது இந்தத் தீவுகளுக்காகத்தான்.

அப்புறம் கோர்சேர்கள். இவர்களைக் கடற்கொள்ளையர் என்று சொன்னால் சேன் மாலோவில் இன்றும் கோபித்துக்கொள்வார்கள். கொள்ளையன் யாரையும் எப்போதும் தாக்குவான். கோர்சேர், போர்க் காலத்தில் மட்டும், அரசர் பெயரில் தரப்பட்ட அனுமதிப் பத்திரத்தோடு, எதிரி நாட்டுக் கப்பலை மட்டும் பிடிக்கலாம். பிடித்த கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்து, முறையாகப் பிடிக்கப்பட்டதுதானா என்று கடல்துறை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே சரக்கை விற்க முடியும். விற்ற பணத்தில் அதிகாரிகளின் பங்கு போக, மிச்சத்தைக் கப்பலுக்கு முதல் போட்டவர்களும் மாலுமிகளும் பிரித்துக்கொள்வார்கள், பெரும்பங்கு முதல் போட்டவருக்கு. சுருக்கமாகச் சொன்னால், போரைத் தனியார் முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்கு விட்ட ஏற்பாடு. 1856இல் பாரிஸ் பிரகடனம் வரும்வரை சட்டப்படியே நடந்தது. 1711இல் ரியோ டி ஜெனிரோவையே பிடித்துப் பணயத் தொகை வாங்கிய துகே-த்ரூவேன் இந்த ஊர்க்காரர். அவருடைய கல்லறையும் பேராலயத்தில்தான் இருக்கிறது.

தங்கள் கப்பல்களைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்த இந்த 'குளவிக் கூட்டை' அழிக்க ஆங்கிலேயர் பலமுறை முயன்றார்கள். 1693 நவம்பரில் வெடிமருந்து நிரப்பிய கப்பல் ஒன்றை மதிலை நோக்கி அனுப்பினார்கள். அது மதிலுக்குச் சற்று முன்னால் பாறையில் சிக்கி அங்கேயே வெடித்தது. கூரைகள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. உயிர் போனது ஒரு பூனைக்கு மட்டும்தான் என்பது ஊர்க்கதை. 'ஆடும் பூனைத் தெரு' என்ற பெயரில் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. அன்றும் ஊரைக் காத்தது கடலுக்குள் இருந்த பாறை. அந்தக் காலத்தில்தான் பிரெஞ்சுக் கோட்டை வல்லுநர் வோபானின் திட்டப்படி பொறியாளர் கரான்ழோ மதில்களைப் பலப்படுத்தி, சுற்றியிருந்த பாறைத் தீவுகளில் கோட்டைகளை எழுப்பினார். முதலில் சொன்ன, மணலில் நடந்துபோகும் தேசியக் கோட்டை 1689இல் தொடங்கியது. அப்போது அதற்கு அரசக் கோட்டை என்று பெயர். ஆட்சி மாறியதும் பெயரும் மாறியது.

சென்னையைப் பிடித்த மாலோக்காரர்

தமிழ் வாசகருக்கு இந்த ஊர் நினைப்பதைவிட நெருக்கமானது. 1664இல் அமைக்கப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடனில் மூழ்கிக் கப்பல் அனுப்பக்கூட வழியில்லாமல் நின்றது. தன் வணிக உரிமையை அது சேன் மாலோ வணிகர்களுக்குக் கொடுத்துவிட்டது. 1719இல் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய கம்பெனி அமையும்வரை, புதுச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சு வணிகக் கப்பல்களில் பெரும்பகுதி சேன் மாலோவின் பணத்தில் ஓடியவை. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் ஏமன் நாட்டு மோக்காவின் காப்பிக்கொட்டையும் இந்த வழியில் போயின. 1715இல் மொரீஷியஸைப் பிரான்சுக்காக எடுத்துக்கொண்டு 'ஈல் த ஃப்ரான்ஸ்' என்று பெயர் வைத்தவரும் ஒரு மாலோக் கப்பல் தலைவர்தான், துஃப்ரேன் தார்செல்.

அந்தத் தீவுக்கு 1735இல் ஆளுநராக வந்தவர் பெர்த்ரான் பிரான்சுவா மாஹே த லா பூர்தொன்னே. 1699இல் சேன் மாலோவில் பிறந்து, பத்து வயது வாக்கிலேயே கப்பல் ஏறியவர். போர்ட் லூயி துறைமுகத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கட்டட வேலைகளுக்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போனார்கள். ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்குப் போவதற்கு நூறு வருஷம் முன்பே மொரீஷியஸில் தமிழ்க் கைவினைஞர்கள் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1746இல் லா பூர்தொன்னே தானே திரட்டிய கப்பல்களோடு சோழமண்டலக் கரைக்கு வந்தார். ஜூலையில் நாகப்பட்டினம் அருகே கடலில் ஆங்கிலக் கப்பல்களோடு மோதல். பிறகு புதுச்சேரி. அப்புறம் சென்னை. செப்டம்பர் 21 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. பிடிபட்ட ஆங்கிலக் கம்பெனி எழுத்தர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அவர் பின்னர் தப்பிக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் சேன் மாலோவின் கோர்சேர் புத்தி வேலை செய்கிறது. 11 லட்சம் வராகன் பணயத் தொகை வாங்கிக்கொண்டு சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிட லா பூர்தொன்னே ஒப்புக்கொண்டார். ரியோவில் துகே-த்ரூவேன் செய்ததும் இதேதான். பிடி, பணம் வாங்கு, கிளம்பு. புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேவின் கணக்கு வேறு. அவருக்கு ஊர் வேண்டும். இருவருக்கும் கடும் சண்டை. துய்ப்ளேவின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்தப் பகையைப் படிக்கலாம். சண்டை முடிவதற்குள் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்றின் புயல் சென்னைக் கடலில் நின்ற கப்பல்களைத் தாக்கியது. சில மூழ்கின, மற்றவை பாய்மரம் முறிந்து நின்றன. ஓதத்தைக் கரைத்துக் குடித்த ஊர்க்காரர், நம் ஊர்ப் பருவக்காற்றைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். மிஞ்சியதோடு அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தைத் துய்ப்ளே ஏற்கவில்லை. 1748இன் உடன்படிக்கைப்படி, கனடாவின் லூயிபூர் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெறுவதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயரிடமே போனது. பாரிஸ் திரும்பிய லா பூர்தொன்னே, லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 1748 முதல் 1751 வரை பஸ்தீல் சிறையில் கிடந்தார். எழுத அனுமதி இல்லாததால் கஞ்சி போட்ட கைக்குட்டைகளில் காப்பிச் சக்கையைத் தொட்டுத் தன் தரப்பை எழுதினார் என்று சொல்வார்கள். குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். ஆனால் உடம்பு போய்விட்டது. 1753இல் இறந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு மாலோக்காரர் வங்காள விரிகுடாவுக்கு வந்தார். 1800 அக்டோபர் 7 அன்று ரொபேர் சுர்க்கூஃப், 'கான்ஃபியான்ஸ்' என்ற சிறிய கப்பலில், கங்கை முகத்துவாரத்துக்கு அருகில், தன்னுடையதைவிடப் பல மடங்கு பெரிய 'கென்ட்' என்ற ஆங்கிலக் கம்பெனிக் கப்பலைப் பிடித்தார். மதிலருகே அவருக்கு வெண்கலச் சிலை உண்டு. நீட்டிய விரல் கடலைக் காட்டுகிறது, இங்கிலாந்தைக் காட்டுகிறது என்பார்கள்.

அந்தச் சிலையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பேன். இளவயதில் சுர்க்கூஃப் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர். 1794இல் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்த பிறகும் அதைத் தொடர்ந்தார். நாந்த் துறைமுகம் அளவுக்கு இல்லாவிட்டாலும், சேன் மாலோவிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல்கள் போய் மனிதர்களை ஏற்றிக்கொண்டு கரீபியத் தீவுகளுக்குப் போயின. இந்த ஊரில் பிறந்த பெரும் எழுத்தாளர் சத்தோபிரியானின் தந்தை, கோம்பூர் மாளிகையை வாங்கிய பணத்தில் ஒரு பகுதி அந்த வணிகத்தில் வந்தது. ஊரைச் சுற்றி நாட்டுப்புறத்தில், உயர்ந்த புகைபோக்கிகளோடும் சுற்றுச்சுவரோடும் நூற்றுக்கும் மேற்பட்ட வணிகர் மாளிகைகள் நிற்கின்றன. துணி, வெள்ளி, மீன், பிடிபட்ட கப்பல், அடிமைகள் என்று எல்லாப் பணமும் கலந்துதான் அந்தக் கற்கள் அடுக்கப்பட்டன.

எரிந்ததும் எழுந்ததும்

இப்போது மதிலுக்குள் நடப்போம். நெருக்கமான தெருக்கள், சாம்பல் நிறக் கருங்கல் சுவர்கள், செங்குத்தான ஸ்லேட் கூரைகள். எல்லாம் 18ஆம் நூற்றாண்டு என்றுதான் தோன்றும். பெரும்பாலானவை 1944க்குப் பிறகு கட்டப்பட்டவை.

இந்த ஊர் அதற்கு முன்பே ஒரு முறை எரிந்த ஊர். 1661 வரை வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. கப்பல் தச்சர்களே கட்டிய, முகப்பு முழுக்கச் சிறு சிறு கண்ணாடிகள் பதித்த வீடுகள். அந்த வருஷத்துத் தீயில் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. இனிமேல் கல்தான் என்று முடிவானது. வடக்கே கடலில் இருக்கும் ஷோசே தீவுகளிலிருந்து கருங்கல் படகில் வந்தது. பழைய மரக் கண்ணாடி வீட்டின் சாயலைப் பார்க்க வேண்டுமானால் ஊசே முற்றத்தில், 'சீமாட்டி ஆனின் வீடு' என்று சொல்லப்படும் குறுகிய வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை பிரெட்டனிக்குள் நுழைந்தபோது, ஜெர்மன் தளபதி ஆந்திரேயாஸ் ஃபோன் அவுலாக் சேன் மாலோவை ஒப்படைக்க மறுத்தார். அவருடைய தலைமையிடம் பழைய ஆலெத் முனையில் கான்கிரீட் பதுங்கறைகளில் இருந்தது. மதிலுக்குள் ஆயிரக்கணக்கான ஜெர்மானியர் இருப்பதாக நம்பிய அமெரிக்கப் பீரங்கிகள் நகரத்தைத் தாக்கின. உண்மையில் மதிலுக்குள் இருந்த ஜெர்மன் வீரர்கள் நூறு பேருக்கும் குறைவு. துறைமுகத்தை ஜெர்மானியர் தகர்த்தார்கள். தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை. ஒரு வாரம் எரிந்தது. ஊர் ஆண்களில் நூற்றுக்கணக்கானவர்களை ஜெர்மானியர் பணயக் கைதிகளாகத் தேசியக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். கடலுக்கு நடுவில் இருந்து அவர்கள் தங்கள் வீடுகள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோட்டைமேலும் குண்டு விழுந்து சிலர் இறந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று அவுலாக் சரணடைந்தார். எதிரே கடலில் இருந்த செசாம்ப்ர் தீவு செப்டம்பர் 2 வரை தாங்கியது. நேபாம் எரிகுண்டு உட்பட எல்லாமே அதன்மேல் கொட்டப்பட்டது.

புகை அடங்கியபோது மதிலுக்குள் இருந்த 865 கட்டடங்களில் 182 மட்டுமே நின்றன. மதில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஓடு மட்டும் மிஞ்சி உள்ளே பருப்பு எரிந்துபோன கொட்டை மாதிரி.

ஒரு துறைமுக ஊர் இப்படி அழிந்தால் என்ன செய்வது? அதே போரில் அழிந்த லு ஆவ்ர் துறைமுகத்தில் கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே பழையதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேர்கோட்டுத் தெருக்களும் கான்கிரீட் கட்டடங்களுமாகப் புது நகரத்தையே எழுப்பினார். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று ஏற்றது. சேன் மாலோ வேறு முடிவு எடுத்தது. கட்டடக் கலைஞர் லூயி ஆரெட்ஷ் வழிநடத்த, 1948 தொடங்கிச் சுமார் 1960 வரை, பழைய தெருக்களின் போக்கிலேயே, பழைய உயரத்தில், அதே கருங்கல் முகப்போடு ஊரை மறுபடி எழுப்பினார்கள். இடிபாட்டிலிருந்து தேறிய கல்லையும் பயன்படுத்தினார்கள்.

இது நகல் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவனித்துப் பார்த்தால் அவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பது தெரியும். பழைய வீடுகளில் இருந்த அலங்காரச் செதுக்கல்களைப் புதியவற்றில் போலியாகச் செய்யவில்லை. முகப்புகள் வெறுமையானவை. ஜன்னல்கள் ஒரே அளவில் வரிசையாக வருகின்றன. வீடுகளுக்குப் பின்னால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள், சில தெருக்களை அகலமாக்கியிருக்கிறார்கள். கடலிலிருந்து பார்க்கும்போது ஊரின் உருவம், கூரைகளின் சாய்வு, வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள், நடுவே பேராலயக் கூம்பு, இவை மாறக் கூடாது என்பதில்தான் பிடிவாதமாக இருந்தார்கள். மாலுமி கடலிலிருந்து திரும்பும்போது அடையாளம் தெரிய வேண்டிய ஊர் இது. அந்தக் கூம்பு கடைசியாகத்தான், 1970களின் தொடக்கத்தில் எழுந்து முடிந்தது. போரில் தப்பிய சில பெரிய வீடுகளில் ஒன்று, கம்பெனி இயக்குநராக இருந்த மாகோன் என்ற வணிகர் 1725இல் கட்டிய மாளிகை. 'கோர்சேர் இல்லம்' என்ற பெயரில் அதைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதையும் பக்கத்துத் தெருவின் புது வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தானே விளங்கும்.

ஆலெத் முனையில் ஜெர்மன் பதுங்கறைகளை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே உலோகத்தாலான கண்காணிப்புக் கூண்டுகள் சில இருக்கின்றன. தடித்த எஃகில், பனைநுங்கைக் கட்டைவிரலால் நோண்டியது மாதிரி, குண்டுகள் குழித்த தடங்கள். கையை வைத்தால் ஒரு முஷ்டி உள்ளே போகும்.

ஓதத்தோடு வாழ்வது

ஊருக்குத் தெற்கே ரான்ஸ் ஆறு கடலில் கலக்கிறது. 1966 நவம்பரில் குடியரசுத் தலைவர் த கோல் அங்கே ஓர் அணையைத் திறந்துவைத்தார். ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் உலகின் முதல் பெரிய நிலையம். 24 சுழலிகள், ஒவ்வொன்றும் 10 மெகாவாட். கடல் ஏறும்போது ஆற்று முகத்துவாரத்தை நிரப்பி, வற்றும்போது அந்த நீரை விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள், இரண்டு திசையிலும் சுற்றும்படி சுழலிகளை அமைத்திருக்கிறார்கள். 2011இல் தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் வரும்வரை இதுதான் உலகிலேயே பெரியது. நிலக்கரி இல்லை, புகை இல்லை, எந்த நாளில் எத்தனை மணிக்கு நீர் எவ்வளவு வரும் என்று பல வருஷம் முன்னதாகவே கணக்கிட்டுவிடலாம். ஆனால் விலையும் இருந்தது. கட்டுமானத்தின்போது முகத்துவாரத்தைச் சில ஆண்டுகள் கடலிலிருந்து அடைத்துவைத்ததில் உள்ளே இருந்த உயிரினங்கள் பெருமளவு அழிந்தன. பிறகு பல திரும்பி வந்தன. மேல்பகுதியில் சேறு படிவது இன்றும் தீராத சிக்கல்.

மேற்கு மதிலிலிருந்து இறங்கினால், நீர் வற்றிய நேரத்தில் கல் பாவிய ஒரு பாதை கிரான் பே என்ற தீவுக்குப் போகிறது. சத்தோபிரியான் 1848 ஜூலையில் பாரிஸில் இறந்தபின் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். உயிரோடு இருக்கும்போதே இந்த இடத்தைக் கேட்டு வாங்கிவைத்திருந்தார். கடலைப் பார்த்த ஒரு கருங்கல் சிலுவை. பெயர் இல்லை, தேதி இல்லை. கடலையும் காற்றையும் மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு பெரிய எழுத்தாளர் இங்கே உறங்க விரும்பினார், வழிப்போக்கரே, அவர் விருப்பத்தை மதியுங்கள் என்ற பொருளில் அருகே ஒரு பலகை. அங்கே போகிறவர்கள் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நீர் பாதையைத் தொட ஆரம்பித்தால் பாதை நடுவில் ஓடிக் கடக்கப் பார்க்கக் கூடாது, அது சீக்கிரம் ஆழமாகிவிடும். தீவிலேயே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் சரி.

கிழக்கே சில்லோன் கடற்கரையில், மணலில் வரிசை வரிசையாக ஓக் மரத் தண்டுகள் நட்டிருக்கும். சுமார் 3,000 தண்டுகள். அலை கரைச்சுவரில் மோதுவதற்கு முன்னால் அதன் வேகத்தை உடைப்பதற்கு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு. செதுக்காத, கோணல்மாணலான முழு மரங்கள். கீழ்ப்பகுதியில் பாசியும் சிப்பியும் அப்பிக் கறுத்திருக்கும், மேல்பகுதி உப்பில் வெளுத்திருக்கும். நீர் எவ்வளவு உயரம் வந்துபோகிறது என்பதை ஒவ்வொரு மரத்திலும் அந்த நிறக்கோடு காட்டும். உளுத்துப்போன தண்டைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் புது ஓக் மரத்தை இறக்குகிறார்கள். வேலை நடப்பது நீர் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும்.